மீட்பாலுக்கு எதற்கய்யா பாஸ்போர்ட்?

சுவீடிஷ் மீட்பாலை வீட்டிலேயே செய்யலாம் என்று நீங்கள் வாய் திறந்தால் போதும், இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள்.

முதல் ஆள், டி.வி-யில் வெள்ளைத் தொப்பியோடு சமைக்கிறவர். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்த கொத்துக்கறி, கெட்டி க்ரீம், ஆல்ஸ்பைஸ், லிங்கன்பெரி ஜாம் என்று பட்டியல் வாசிப்பார். 'இதில் ஒன்று குறைந்தாலும் ஒரிஜினல் டேஸ்ட் வராது' என்று பயமுறுத்திவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விடுவார். அந்தப் பட்டியலோடு கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கள். 'லிங்கன்பெரியா? அது என்ன சார், புது சோப்பா?' என்று கேட்பார்கள்.

இரண்டாவது ஆள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பெரியப்பா, சித்தப்பா, மாமனார் என்று எந்த உருவத்திலும் வருவார். 'நம்மகிட்ட இல்லாத சாப்பாடா? சிதம்பரம் கொத்சுக்கு ஈடாகுமா? வெள்ளைக்காரன் திங்கிறதைப் பார்த்துக் காப்பி அடிக்கிறதே பொழப்பாப் போச்சு' என்று நாற்காலியில் சாய்ந்தபடி பாரம்பரியத்தைக் காப்பாற்றுவார். அவர் அடுப்படிப் பக்கம் போயே இருபது வருஷம் ஆகியிருக்கும்.

இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரியும். உண்மையில் ஒரே கட்சிதான். சாப்பாட்டுக்கு ஊர் உண்டு, பட்டா உண்டு, அதைக் காவல் காக்கத் தாங்கள் உண்டு என்று நம்புகிற கட்சி.

முதல்வரிடம் கேட்போம். ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறீர்களே, எது ஒரிஜினல்? 1709-ல் பொல்டாவா சண்டையில் ரஷ்யாவிடம் தோற்ற சுவீடன் ராஜா பன்னிரண்டாம் சார்லஸ், துருக்கி சுல்தானின் ஆட்சிப் பகுதிக்குள் ஓடினார். ஐந்து வருஷம் அங்கேயே விருந்தாளியாகக் கிடந்தார். சுல்தானுக்கே அலுத்துப்போகிற அளவுக்கு நீண்ட விருந்து. 1714-ல் அங்கிருந்து கிளம்பினார். அவர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறைதான் எங்கள் மீட்பாலுக்கு அடிப்படை என்று 2018 ஏப்ரலில் சுவீடன் நாட்டின் அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்கே எழுதியது. துருக்கிக்காரர்கள் குதூகலித்தார்கள். சுவீடனில் பலர் நொந்துபோனார்கள். ராஜா கதைக்கு ஆதாரம் போதாது என்கிறவர்களும் உண்டு. காய்ஸா வர்க் என்ற அம்மையார் 1755-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இந்த உருண்டை இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

ராஜா கதை நிஜமோ பொய்யோ, எனக்குப் பிடித்தது வேறு. ஒரு நாடு தன்னுடைய பிரசித்தமான பண்டத்தைப் பற்றி, 'இது எங்க சொந்தச் சரக்கு இல்லீங்க' என்று தானே முன்வந்து சொல்லியிருக்கிறது. சாம்பாரைப் பற்றி நம் அரசாங்கம் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை பஸ் கண்ணாடி உடைந்திருக்கும்!

துருக்கியில் அதற்குப் பெயர் கோஃப்தே. பாரசீகத்தில் 'இடித்தது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வடக்கே போனால் அதே சொல் கோஃப்தா. துருக்கியில் ஆட்டுக்கறியிலும் செய்கிறார்கள், மாட்டுக்கறியிலும் செய்கிறார்கள். ஆகவே 'மட்டனில் செய்தால் அது சுவீடிஷ் மீட்பாலே இல்லை' என்று தொப்பிக்காரர் சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம். மேஜை நாற்காலியோடு மீட்பாலையும் சேர்த்து உலகம் முழுக்க விற்கிற சுவீடன் கம்பெனி ஐகியா, 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் கடை திறந்தபோது என்ன செய்தது? மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று கோழியிலும் காய்கறியிலும் உருட்டிப் போட்டது. கம்பெனிக்காரனுக்கே இல்லாத கற்பு, தொப்பிக்காரருக்கு எதற்கு?

இனி பெரியப்பா. அவருடைய பாரம்பரியத் தட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்குகிற வரைக்கும் நம் காரம் மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, மல்லாட்டை எல்லாமே கடல் தாண்டி வந்தவை. கடலூர் மாவட்டமே மார்தட்டிக்கொள்கிற பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில். மிளகாயை வத்தக்குழம்பில் போட்டவர்களும் முந்திரியைச் சர்க்கரைப் பொங்கலில் போட்டவர்களும் யாரிடமும் பர்மிஷன் கேட்கவில்லை. போட்டார்கள், நன்றாக இருந்தது, நம்முடையதாகிவிட்டது.

சுவீடனும் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1731-ல் கோத்தன்பர்க்கில் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இரண்டாவது கப்பல், 1733-ல் இந்தப் பரங்கிப்பேட்டைக்குத்தான் வந்தது. கப்பலுக்கு ராணி உல்ரிகா எலியனோரா என்று பெயர். அந்த ராணி யார் தெரியுமா? மீட்பால் கதையில் வருகிற அதே பன்னிரண்டாம் சார்லஸின் தங்கை! வந்தவர்கள் இங்கே ஒரு பண்டகசாலை போட்டார்கள். பொறுக்குமா சென்னை இங்கிலீஷ்காரனுக்கும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரனுக்கும்? தங்களுக்குள் ஆயிரம் போட்டி இருந்தும், மூன்றாவதாக ஒருத்தன் கடை விரிக்கிறான் என்றதும் கைகோத்துக்கொண்டார்கள். படை அனுப்பினார்கள். அதே ஆண்டு பண்டகசாலை பறிபோனது. சரக்கும் போனது. அதன் பிறகு சுவீடன் கம்பெனி பெரும்பாலும் சீனாவோடுதான் வியாபாரம் செய்தது. அந்தக் கப்பல் சமையல்காரன் பரங்கிப்பேட்டைக் கரையில் என்ன உருட்டினான் என்று சரித்திரம் எழுதி வைக்கவில்லை, பாவம்.

தொப்பிக்காரரையும் பெரியப்பாவையும் விடுங்கள், அவர்களால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்தான மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் சண்டைக்குக்கூட வருவதில்லை. வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டுப் போய்விடுவார். 'வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்.'

மத்திய அரசு 2014-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். இந்த 97 பேரில் எத்தனை பேர் வாடகை வீட்டில் ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு, குக்கர் விசில் சத்தத்துக்கு டி.வி வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டு கறி சமைக்கிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்காது. வேலை மாற்றலாகி வந்தவர், பிள்ளைகளைப் படிக்க வைக்க வந்தவர், மீன் வலையோடு பிழைக்கிற ஊரிலிருந்து டவுனுக்குக் குடிவந்தவர், எல்லோரும் வீட்டுக்காரர் முன்னால் கைகட்டி, 'நாங்க வாரத்துக்கு ஒருநாள்தாங்க... வாசனையே வராதுங்க' என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. சொந்தச் சோற்றுக்கு முன்ஜாமீன்! மாட்டுக்கறி சாப்பிடுகிறவர் என்றால் அந்த ஒரு வார்த்தைக்கே வீடு கிடையாது. தமிழ்நாட்டில் அதை விற்கவும் சாப்பிடவும் தடைச் சட்டம் எதுவும் இல்லை. சட்டத்தில் இல்லாததை இவர்கள் அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறார்கள். பல இடத்தில் அது சாப்பாட்டைக் கேட்கிற கேள்வி இல்லை என்பதும், சாதியைக் கேட்க வெட்கப்பட்டு அடுப்பைக் கேட்கிறார்கள் என்பதும் கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

இதே வீட்டுக்காரரின் பிள்ளை ஸ்டாக்ஹோமில் வேலைக்குப் போய் ஒரு தட்டு மீட்பாலோடு போட்டோ அனுப்பினால் அது 'கான்டினென்டல்'. மாடிப் போர்ஷன்காரர் கோலா உருண்டை பொரித்தால் அது 'நாத்தம்'.

அதனால்தான் இதைச் செய்யச் சொல்கிறேன். நல்ல பண்டம் என்பது ஒரு காரணம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

கறிக்கடையில் அரைக்கிலோ கொத்துக்கறி கேளுங்கள். முன்கூட்டியே அரைத்துக் குவித்து வைத்ததை வாங்காதீர்கள். துண்டுக் கறியைக் காட்டி, 'புளியமரக் கட்டையில் வைத்துக் கண்ணெதிரே கொத்துங்க பாய், கொஞ்சம் கொழுப்பும் சேரட்டும்' என்று சொல்லுங்கள். நைசாகக் கொத்தித் தரச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து மிக்ஸியில் போட்டுக் கூழாக்காதீர்கள். அப்படியே இரண்டு எலும்பும் வாங்கிக்கொள்ளுங்கள், சாறுக்கு வேண்டும். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் தாராளமாக அதிலேயே செய்யலாம், சுவீடனுக்கு இன்னும் கிட்டே போவீர்கள்.

இரண்டு ஸ்லைஸ் ரொட்டியைப் பிய்த்து அரை டம்ளர் பாலில் ஊறப்போடுங்கள். இதை வீண் வேலை என்று நினைத்துவிட்டு விடுகிறவர்கள் நிறையப் பேர். சூடு பட்டதும் கறி சுருங்கும், சுருங்கும்போது உள்ளே இருக்கிற சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய ரொட்டி அந்தச் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உருண்டை மெத்தென்று இருக்கும். கோலா உருண்டையில் நம் ஆட்கள் பொட்டுக்கடலைப் பொடி போடுவதும் இதே மாதிரியான வேலைக்குத்தான். கூடவே இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொஞ்சம் கறியை நிறைய வயிற்றுக்குப் பங்கு போடுவது. நம்ம ஊர் அம்மாவும் சுவீடன் அம்மாவும் போட்டது ஒரே கணக்குதான். வெறும் கறியில் உருட்டுவதுதான் பணக்காரத்தனம் என்று நினைக்கிறவர்கள் கோலிக்குண்டைத் தின்னட்டும்.

ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் வதக்கி ஆறவிடுங்கள். கறி, ஊறிய ரொட்டி, வெங்காயம், ஒரு முட்டை, உப்பு, இடித்த மிளகு. ஆல்ஸ்பைஸ் என்பது எல்லா மசாலாவும் சேர்ந்த பொடி இல்லை, ஒரு மரத்தின் காய். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் கலந்த மாதிரி மணக்கும் என்பதால் அந்தப் பெயர். அந்த மூன்றையும் சிட்டிகை சிட்டிகையாகப் பொடித்துப் போடுங்கள், வேலை முடிந்தது. பிசைந்து அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். முப்பதிலிருந்து நாற்பது வரும். பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள், பாரம்பரியம் பேசிக்கொண்டே செய்யலாம்.

அகலமான சட்டியில் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்கப் பொரித்தெடுங்கள். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. சட்டியைக் கழுவிவிடாதீர்கள்! அடியில் ஒட்டியிருக்கிற பழுப்புதான் கிரேவியின் உயிர். அதிலேயே இரண்டு ஸ்பூன் வெண்ணெய், இரண்டு ஸ்பூன் மைதா போட்டு லேசாகச் சிவந்ததும், எலும்புச் சாறு ஒன்றரை டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஒரு சின்ன ஸ்பூன் சோயா சாஸ். ஆமாம், சீனாக்காரன் சோயா சாஸ்தான், சுவீடன் வீடுகளிலேயே விடுகிறார்கள். உருண்டைகளைப் போட்டு மூடி, சின்னத் தீயில் கால்மணி நேரம். ஆட்டுக்கறிக்கு இந்த நேரம் அவசியம். கடைசியில் அரை டம்ளர் க்ரீம். டப்பா க்ரீம் இல்லையென்றால் புளிக்காத பாலாடையைக் கடைந்து விடுங்கள். விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். முந்திரி விழுது அரைத்து ஊற்றாதீர்கள். பண்ருட்டிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், ஊற்றினால் அது கல்யாண வீட்டுக் குருமா.

லிங்கன்பெரி? புளிப்பான ஒரு சின்னச் சிவப்புப் பழம், அவ்வளவுதான். நம் செம்மண் காட்டில் களாக்காய் இருக்கிறது. சீசனில் கூறு போட்டு விற்கிறதே, அதில் சிவந்ததாகப் பொறுக்கி, பிளந்து, விதை எடுத்து, சர்க்கரை போட்டுக் கிளறி வைத்துக்கொள்ளுங்கள். மசித்த உருளைக்கிழங்கு ஒரு பக்கம், களாக்காய் ஒரு ஸ்பூன் ஒரு பக்கம். சாப்பிட்டது போக மிச்சமிருக்கிற கிரேவியை மறுநாள் காலையில் இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதலாகச் செய்திருந்தால் கீழ் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள், என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.