முடி வளர பயோட்டின் மாத்திரை போடுறீங்களா? தைராய்டு ரிசல்ட் தப்பா வரலாம்... காரணம் என்ன?

முடி கொட்டுதே என்று பலரும் டாக்டரைக் கேட்காமலேயே வாங்கிச் சாப்பிடுவது பயோட்டின் மாத்திரை. இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தப் பரிசோதனை செய்தால், நல்லா இருக்கிற தைராய்டையும் கோளாறு என்று ரிப்போர்ட் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரித்தது. 2019-ல் மறுபடியும் எச்சரித்தது. மாத்திரை தைராய்டைக் கெடுத்துவிடுகிறது என்று அர்த்தம் இல்லை. குழப்பம் நடப்பது லேப் மெஷினுக்குள்ளே.

ரத்தத்தில் வெளிச்சமா?

உங்க தைராய்டு ரிப்போர்ட்டில் 'மெத்தட்' என்ற இடத்தைப் பாருங்க. 'இ.சி.எல்.ஐ.ஏ' என்று இருந்தால், ஹார்மோன் எவ்வளவு என்று கணக்குச் சொன்னது ஓர் உலோகத்தின் வெளிச்சம். ருத்தேனியம் என்ற அந்த உலோகத்தை, பைபிரிடின் என்ற மூலக்கூறுகள் மூன்று சுற்றிப் பிடித்திருக்கும். பிளஸ் டூ வேதியியலில் வரும் அணைவுச் சேர்மம்தான் இது.

டி.எஸ்.எச் ஹார்மோனைப் பிடிக்க இரண்டு ஆன்டிபாடிகள் உண்டு. ஒன்றில் ருத்தேனியம் கட்டியிருக்கும், இன்னொன்றில் பயோட்டின். இரண்டும் ஹார்மோனை இருபக்கமும் பிடித்துக்கொள்ளும். அடுத்து, ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகள் வரும். பயோட்டினைக் கண்டால் ஸ்ட்ரெப்டாவிடின் விடாது. இயற்கையில் இவ்வளவு இறுக்கமான ஒட்டு அபூர்வம். காந்தம் மணிகளை மின்முனை மேல் இழுத்து நிறுத்த, ஒட்டாததெல்லாம் கழுவிப் போய்விடும். மின்னழுத்தம் கொடுத்ததும், ட்ரைபுரோப்பைலமின் என்ற வேதிப்பொருளின் துணையோடு ருத்தேனியம் ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒளிரும். வெளிச்சம் கூடினால் டி.எஸ்.எச் அதிகம்.

ஒருமுறை ஒளிர்ந்த ருத்தேனியம் பழைய நிலைக்குத் திரும்பி, திரும்பத் திரும்ப ஒளிரும். வெளியிலிருந்து விளக்கு அடிக்கவும் தேவையில்லை, அதனால் பின்னணி இருட்டாகவே இருக்கும். மிகக் குறைந்த ஹார்மோன்கூட தப்பாமல் மாட்டுவது இதனால்தான்.

அப்புறம் எங்கே சிக்கல்?

ருத்தேனியத்தின் மேல் பழி போட முடியாது. சிக்கல் அந்த ஒட்டில்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். 'ஹேர், ஸ்கின், நெயில்ஸ்' மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 10,000 மைக்ரோகிராம் என்றுகூட இருக்கும். முந்நூறு மடங்குக்கும் மேல்! ரத்தத்தில் மிதக்கும் இந்த பயோட்டின் முந்திக்கொண்டு மணிகளில் இடம் பிடித்துவிடும். ஹார்மோனைப் பிடித்த ஜோடிக்கு இடமில்லை, கழுவிப் போய்விடும். வெளிச்சம் குறையும், டி.எஸ்.எச் குறைவு என்று ரிப்போர்ட் வரும்.

டி3, டி4 டெஸ்டில் கணக்கே தலைகீழ். அங்கே வெளிச்சம் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். டி.எஸ்.எச் குறைவு, டி4 அதிகம் என இரண்டும் சேர்ந்து வந்தால், பார்க்கிற டாக்டருக்கு அது அப்படியே ஹைப்பர் தைராய்டு மாதிரிதான் தெரியும். தேவையே இல்லாத மாத்திரை ஆரம்பிக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய கவலை ட்ரோபோனின். மாரடைப்பா என்று பார்க்கும் இந்த டெஸ்டிலும் சில கருவிகள் இதே ஒட்டைப் பயன்படுத்துகின்றன. அதிக பயோட்டின் எடுத்த ஒருவருக்கு ட்ரோபோனின் குறைவு என்று தவறாக வந்து, அவர் உயிரிழந்ததாகத் தகவல் கிடைத்தது என எஃப்.டி.ஏ அந்த எச்சரிக்கையிலேயே சொல்லியிருக்கிறது.

இப்போ என்ன நிலைமை?

எல்லா லேபிலும் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். அதிக பயோட்டினையும் தாங்கும் புதிய கிட்டுகள் வந்துவிட்டன. இந்த ஒட்டே இல்லாத முறைகளும் உண்டு. ஆனால் உங்க ரத்தம் போகிற லேபில் எந்த கிட் என்று ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

தைராய்டு டெஸ்டுக்கு குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால் அவரைக் கேட்டே நிறுத்துங்க. பயோட்டின் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், அதனால் கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் ஆகலாம். நெஞ்சு வலியோடு எமர்ஜென்சிக்கு ஓடும்போது 2 நாள் காத்திருக்க முடியாது. அங்கே பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னால், வேறு முறையில் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார்கள்.