நாட்டு மருந்தும் நம் கடமையும்

நெட்டப்பாக்கம் முதலிய புதுவை நாட்டுச் சிற்றூர்களில், மஞ்சட்காமாலை கண்டவர்க்குக் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரிற் கலந்து கொடுப்பதும், பாம்பு தீண்டியவரை மந்திரிப்பவரிடம் கொண்டு செல்வதும் வழிவழி வந்த வழக்கங்களாம். கற்ற நம்மவருள் இவற்றை அறியாமையென்று எள்ளுவோர் ஒரு சாரார். முன்னோர் செய்தனவெல்லாம் பொன்னென்று போற்றுவோர் மற்றொரு சாரார். இருவரும் ஆராயாமலே தீர்ப்புக் கூறுகின்றனர் என்பது நம் துணிபு.

கீழாநெல்லியை ஆராய்ந்தவர் உண்டு. சென்னையில் நடந்த ஆராய்ச்சியொன்று 1988-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் 'பி' கிருமியைத் தாங்கியிருந்தோருள் இவ்வினத்து மூலிகையை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததென்று அது கூறிற்று. பின்னர்ப் பிறர் செய்த சோதனைகளிலோ அப்பயன் உறுதிப்படவில்லை. அங்ஙனமாயின் ஊரார் கண்டது பொய்யோ? அன்று. அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். புகழ் மூலிகையைச் சேரும். ஆயின் பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலை அவ்வாறு தணியாது. அங்கே காத்திருத்தல் கேடு.

பாம்புக்கடியிலும் இதுவே நிகழ்கிறது. நஞ்சில்லாப் பாம்புகள் பல. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்வாறு கடியுண்டவர் பிழைத்தெழ, மந்திரம் பலித்ததென்பர். மெய்யாகவே நஞ்சேறியவர்க்கோ, மந்திரிப்பவர் வாசலிற் கழியும் ஒரு நாழிகை உயிருக்கே விலையாகும்.

ஆதலால் நாட்டறிவை அறவே தள்ளுவதோ? 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரை நோக்குக. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், தம் குலத்தறிவால் பிடித்த நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றினின்று அவர் எடுத்த நஞ்சே, நஞ்சுமுறி மருந்து ஆக்குவதற்கு உதவி வந்துள்ளது. நாட்டறிவும் சோதனையும் கைகோத்த இடத்தில் உயிர்கள் காக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பாட்டியாரின் மருந்தைக் கண்டு நகையாதிருப்போமாக. அதன் பெயரையும் அளவையும் பக்குவத்தையும் கேட்டு எழுதி வைப்போமாக. அவை ஆராய்வார் கைக்குச் சேரட்டும். பாம்பு தீண்டியவரையோ நேரே ஆஸ்பத்திரிக்கே எடுத்துச் செல்வோமாக. பிரார்த்தனையை வண்டியிலிருந்தே செய்யலாம். நஞ்சு நமக்காகக் காத்திராது.