எங்க ஊர்ப் பக்கம்: பட்டும் கோட்டையும் ஆரணியும்

சகோதரிகளே, ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? முதலில் பட்டுப் புடவை, அடுத்து பொன்னி அரிசி. இரண்டுமே சரிதான். ஆனால் எங்க ஊருக்கு ஜவுளிக் கடையையும் அரிசி மண்டியையும் தாண்டி ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கேட்டதையும் படித்ததையும் பார்த்ததையும் இந்த முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆற்றுக்கு அணியாக, அதாவது நகை மாதிரி அமைந்த ஊர் என்பதால் 'ஆறு அணி' ஆரணி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆறு கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையிலிருந்து படவேடு வழியாக வருகிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீர்தான் ஆறாக ஓடியது என்பது ஐதீகம். படவேட்டில் அவருடைய பத்தினி ரேணுகாதேவிதான் ரேணுகாம்பாளாக அமர்ந்திருக்கிறாள். சம்புவராய மன்னர்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது. இன்றைக்கு ஆற்றில் பாதி வருஷம் மணல்தான். மழைக்காலத்தில் மட்டும் பழைய கம்பீரம் வந்துவிடும்.

ஆற்றங்கரையிலேயே புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதர் பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்த இடம் என்பார்கள். குழந்தை இல்லாத தம்பதிகள் எங்கெங்கிருந்தோ வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். பிராகாரத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது ஒன்று தோன்றும். யாகம் செய்தது தசரதர்தான். கௌசல்யையை யாரும் 'மலடி' என்று ஏசவில்லை. கோயிலுக்குத் தாராளமாக வாருங்கள். டாக்டரிடமும் போங்கள், ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகப் போங்கள். குறை யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். மருமகளை மட்டும் குற்றம் சொல்வதை மாமியார்கள் விட்டுவிட வேண்டும். நானும் நாளைக்கு மாமியார் ஆகப் போகிறவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்!

கோட்டைக்கு வருவோம். அகழி சூழ்ந்த இந்தக் கோட்டையைச் சுற்றி இரண்டு பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையில் ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தாரே, அது முடிந்த கையோடு டிசம்பர் மாதத்தில் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படையை ஆரணியில் முறியடித்தார். அந்தப் படையில் பிரெஞ்சு சிப்பாய்களும் இருந்தார்கள். கிளைவுக்கு மராட்டியக் குதிரைப் படை துணை வந்தது.

அடுத்தது 1782 ஜூன் 2. மைசூர் ஹைதர் அலி தன் படைக்கு வேண்டிய சாமான்களை எல்லாம் ஆரணிக் கோட்டையில்தான் சேமித்து வைத்திருந்தார். வெள்ளைக்காரத் தளபதி அயர் கூட் அதைக் குறிவைத்துப் புறப்பட்டார். செய்தி கேட்டு ஹைதர் அலி ஓடோடி வந்துவிட்டார். சண்டை நடந்தது, ஆனால் கோட்டை கூட்டின் கைக்குக் கிடைக்கவில்லை. சரக்கு அறையைப் பிடித்தால் வீட்டையே பிடித்த மாதிரி என்று நமக்குத் தெரிந்தது ராணுவத்துக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்! அதே வருஷம் டிசம்பரில் ஹைதர் அலி காலமானார். 1783 ஏப்ரலில் கூட்டும் போய்ச் சேர்ந்தார். எல்லாச் சண்டையும் கடைசியில் இவ்வளவுதான்.

இன்று கோட்டைக்குள்ளே அரசு அலுவலகங்கள், மைதானம், கைலாசநாதர் கோயில். ஆடி மாதம் கோட்டை வேம்புலி அம்மனுக்குத் திருவிழா வந்தால் ஊரே அங்கேதான்.

பதினேழாம் நூற்றாண்டில் சத்ரபதி சிவாஜியின் தகப்பனார் ஷாஜி, தன்னிடம் வேலை பார்த்த வேதாஜி பாஸ்கர பந்த் என்பவருக்கு ஆரணியை ஜாகீராக வாங்கிக் கொடுத்தார். சுதந்திரம் வரும் வரை அந்த வம்சம்தான் ஜாகீர்தார்கள். அவர்கள் இருந்த இடம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சத்தியவிஜயநகரம். நாங்கள் எஸ்.வி. நகரம் என்போம். உத்தராதி மடத்து சத்யவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அங்கே இருப்பதால் வந்த பெயர் அது. ஜாகீர்தார்களின் அரண்மனையும் அங்கேதான். பூசிமலைக்குப்பத்தில் காட்டோரமாக அவர்கள் கட்டிய கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரப் பெண்ணுக்காகக் கட்டியது என்று ஊரில் கதை உண்டு. பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து சிதைந்துபோன கட்டடம். போகிறவர்கள் சுவரில் பெயர் கிறுக்காமல் வந்தாலே பெரிய புண்ணியம். நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இனி பட்டுக்கு வருகிறேன். ஆரணி, எஸ்.வி. நகரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம்தான். காஞ்சிபுரம் பட்டு கனம் என்றால் ஆரணிப் பட்டு லேசு. கல்யாணத்துக்கு மட்டும் இல்லாமல் வளைகாப்பு, கோயில் என்று உடுத்திக்கொண்டு வேலையும் செய்யலாம். இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

புடவையை நெய்தவர் யார் என்றால் தறியில் உட்கார்ந்த ஆண் பிள்ளையைத்தான் சொல்வார்கள். ஆனால் தார் சுற்றுவது யார்? பழைய பாவு முடிந்ததும் ஆயிரக்கணக்கான இழைகளைச் சாம்பல் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகப் புதுப் பாவோடு பிணைப்பது யார்? விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது கூட நின்று அறுந்த இழையைச் சேர்ப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். எதிர்வீட்டு அம்மாவிடம், "நீங்களும் நெசவுதானே?" என்று கேட்டேன். "நான் எங்கே நெய்யறேன்? சும்மா கூட ஒத்தாசைம்மா" என்றார். முதுகு வலியோடு ராப்பகலாகச் செய்வதற்குப் பெயர் 'சும்மா'!

அவர் மகள் காலேஜில் படிக்கிறாள். தறிப் பக்கம் வர மாட்டேன் என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். விசைத்தறிப் புடவை மலிவாகக் கிடைக்கும்போது கைத்தறிக்காரர் வயிறு எப்படி நிரம்பும்? நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. வாங்கும்போது "இது கைத்தறியா?" என்று கேளுங்கள். அசல் பட்டுக்குச் சில்க் மார்க் அட்டை பாருங்கள். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரு இழையைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். உருண்டு கெட்டியானால் செயற்கை நூல்.

வாங்கிய பட்டை வியர்வையோடு மடிக்காதீர்கள். நிழலில் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே ஒடியும். ரசகற்பூர உருண்டை புடவையில் நேராகப் படக்கூடாது.

ஆரணிக்கு வர நினைத்தால் ஆற்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் பஸ் உண்டு. ரயில் என்றால் களம்பூரில் இருக்கும் 'ஆரணி ரோடு' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். கடைக்குப் போகும் முன் ஒரு தறி வீட்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அப்புறம் பேரம் பேசுவதற்கு உங்களுக்கே மனசு வராது.