மறைத்துவைத்த ஓட்டை யாரைக் காத்தது?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினித் திரைகளில் ஒரு சிவப்புப் பெட்டி தோன்றியது. 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால்தான் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்றது அது. ‘வான்னாக்ரை’ என்ற அந்தப் பிணைத்தொகை வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. இங்கிலாந்தில் மட்டும் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19 ஆயிரம் சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளியிட்டது. 5 பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு மருத்துவமனைகளைத் தேடிப் போக நேர்ந்தது.

யாரும் எதையும் திறக்கவில்லை

கணினி வைரஸ் என்றாலே, யாரோ தவறான மின்னஞ்சலைத் திறந்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். வான்னாக்ரை பரவ அது தேவைப்படவில்லை. கணினிகள் தங்களுக்குள் கோப்புகளையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள, விண்டோஸில் ‘எஸ்எம்பி’ என்ற சேவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். 1980-களில் உருவான அதன் முதல் பதிப்பில்தான் கோளாறு. வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலைப் பழைய வடிவிலிருந்து புதிய வடிவுக்கு மாற்றும்போது, அதன் அளவு 4 பைட் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் திருத்தும் வரி, 2 பைட்டை மட்டுமே மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டது. விளைவாக, ஒதுக்கிய இடத்தைவிட அதிகமான தரவு, இயங்குதளத்தின் மையப்பகுதி நினைவகத்தில் வழிந்தது. வழியும் தரவுக்குள் கட்டளைகளை வைத்து அனுப்பினால் கணினி முழுவதும் அனுப்பியவர் கைக்குப் போய்விடும். கடவுச்சொல் வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம். ஒரு கணினியில் நுழைந்த வைரஸ் அடுத்த கணினியைத் தானே தேடிப் போனது இப்படித்தான்.

59 நாள்களும் 5 ஆண்டுகளும்

இந்தக் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தது 59 நாள்கள் கழித்து. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது. அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றியிருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்றது தணிக்கை அறிக்கை. அதில் தவறில்லை. ஸ்கேன் கருவியோடு இணைந்த கணினியை நினைத்த நேரத்தில் நிறுத்தித் திருத்த முடியாது என்பது உண்மை. ஆனால், பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை திருத்தம் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7-இல் இயங்கியவை.

ஆனால், பழியை மருத்துவமனைகளோடு முடித்துக்கொள்ள முடியாது. இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ‘எடர்னல்புளூ’ என்ற கருவியை உருவாக்கியது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. 5 ஆண்டுகளுக்கு மேல் அதை வேவு பார்க்கப் பயன்படுத்தியது என்றும், கருவி களவுபோனது தெரிந்த பிறகே மைக்ரோசாஃப்டிடம் சொன்னது என்றும் ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது. ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் ஏப்ரல் 14 அன்று கருவியை ஊரறிய வெளியிட்டது. வான்னாக்ரையை ஏவியது வட கொரியா என அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் குற்றம்சாட்டின. 59 நாள் தாமதத்துக்கு மருத்துவமனை நிர்வாகிகள் பதில் சொல்ல வேண்டும் என்றால், 5 ஆண்டு மௌனத்துக்கு யார் பதில் சொல்வது?

எதிரியை வேவு பார்க்க இத்தகைய ஓட்டைகள் தேவை என்பது உளவு அமைப்புகளின் வாதம். ஆனால், எதிரியின் மேசையில் இருக்கும் அதே விண்டோஸ்தான் நம் மருத்துவமனையிலும் இருக்கிறது. எதிரிக்காக விட்டுவைக்கும் ஓட்டை சொந்த மக்களுக்கும் விட்டுவைக்கப்படுகிறது. அதைப் பூட்டிவைக்கவும் முடியவில்லை என்பதை ஷேடோ புரோக்கர்ஸ் காட்டிவிட்டது. 2017 ஜூனில் ‘நாட்பெட்யா’ வைரஸும் இதே கருவியைப் பயன்படுத்தியது. உக்ரைனைக் குறிவைத்துக் கிளம்பிய அது டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமத்தின் சரக்குப் பெட்டக முனையத்தையும் நிறுத்தியது.

என்ன செய்ய வேண்டும்?

கண்டறிந்த ஓட்டையைச் சொல்வதா, வைத்துக்கொள்வதா என முடிவெடுக்கும் விதிமுறையை அமெரிக்கா 2017 நவம்பரில் வெளியிட்டது. அதிலும் முடிவெடுப்பது அரசுத் துறைகளே. இந்தியாவில் சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ உத்தரவிட்டது. நல்ல விதிதான். ஆனால், ஓர் அரசு அமைப்பே ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்று அது பேசவில்லை.

நிறுவனங்கள் தேவையற்ற பழைய சேவைகளை நிறுத்தட்டும். திருத்தங்களுக்கு ஆளும் பணமும் ஒதுக்கட்டும். அதே கண்டிப்பு அரசுகளுக்கும் வேண்டும். பரவலான மென்பொருளில் ஓட்டையைக் கண்டால் தயாரித்தவரிடம் சொல்வதே விதியாகவும், மறைப்பது காலவரம்புள்ள விதிவிலக்காகவும் இருக்க வேண்டும். அந்த விதிவிலக்கை உளவு அமைப்புக்கு வெளியே இருப்பவர்கள் ஆராய வேண்டும். மக்களின் கணினியில் உள்ள ஆபத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் உரிமையை எந்த அரசுக்கும் வரம்பின்றி விட்டுவிடக் கூடாது.