அளந்து இடும் அன்பு



சென்ற மாதம் பொதட்டூர்பேட்டையில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் ஒரு மூதாட்டி என்னைத் திண்ணையில் அமரச் செய்து, "சாமி, மனத்தை ஒரு காரியம் அரித்துக்கொண்டிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை" என்றார். "முதலில் சொல்லுங்கள், அம்மா" என்றேன். "பசி, பசியென்று கத்திய வாயில்லாச் சீவனுக்கு இரண்டு நாள் சோறு போடாமல் கதவைச் சாத்திவிட்டேன்" என்று கண் கலங்கினார். மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று அவரே அனுமதித்ததால் அந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாடகை வீட்டில் வெள்ளையன் என்ற ஆண் பூனையை வளர்த்து, அதற்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையும் செய்வித்திருந்தார். கடையில் விற்கும் உலர் தீனி எந்நேரமும் தட்டில் நிறைந்திருக்கும்; வேட்டையோ ஓட்டமோ கிடையாது. பூனை ஆறரைக் கிலோ கனத்தது. பின்னர் மகனுக்கு வெளிமாநிலத்தில் வேலை கிடைக்கவே, வெள்ளையன் தாயிடம் வந்து சேர்ந்தது. இங்கே பால்சோறு, மீன்சோறு, தயிர்ச்சோறு என்று உபசாரம் தொடர்ந்தது.

சில மாதங்களில் விந்தையான மாறுதல்கள் தோன்றின. பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. அடிக்கடி சிறுநீர் கழித்தது. இட்டதையெல்லாம் தின்றுவிட்டு மீண்டும் கத்தியது. ஆயினும் உடல் இளைத்துக்கொண்டே போயிற்று. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தளர்ந்து நடந்தது. "இது சர்க்கரை வியாதிதான்; சோற்றை நிறுத்தினால் இறங்கிவிடும்" என்றார் அண்டை வீட்டு அம்மாள் ஒருவர். நம் மூதாட்டியும் அவ்வாறே நிறுத்தினார். முதல் நாள் பூனை அலறியது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் மனம் பொறாது மீனை எடுத்து வைத்தபோது முகர்ந்தும் பார்க்கவில்லை. அஞ்சிப்போய் அதைக் கூடையில் வைத்துத் திருத்தணி சென்று, இரயிலேறிச் சென்னை வேப்பேரிக்குக் கொண்டு போனார்கள். 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. நல்லவேளையாக, ஈரல் கெடுமுன் சிகிச்சை கிடைத்தது.

அண்டை வீட்டாரின் நோய்க் கணிப்பு சரி. கூறிய மருந்துதான் தவறு. பூனைக்கும் நம்மைப் போலவே நீரிழிவு வரும். வயது முதிர்ந்த, உடல் பருத்த, ஆண்மை நீக்கப்பட்ட பூனைகளுக்கு அது மிகுதி. உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் சேர்ப்பது இன்சுலின். அது குறைந்தாலும், அதன் சொல்லை உடல் கேளாமற் போனாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, சிறுநீரோடு வீணாகிறது. களஞ்சியம் நிறைந்திருக்க வீட்டார் பட்டினி கிடப்பது போன்ற நிலை இது. ஆகவே வெள்ளையனின் கத்தல் பேராசையன்று, உண்மையான பசி. அப்பசியைத் தீர்ப்பது இன்சுலினே. கதவைச் சாத்துவது அன்று.

பட்டினி ஏன் ஆபத்தானது? பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் குவிந்து அதைச் செயலற்றதாக்கும், உயிரே போகலாம். நாம் தவக்காலத்தில் ஒரு சந்தி இருப்பது நம் விருப்பத்தால். அந்த நோன்பைப் பூனையின் மீது சுமத்தலாகாது.

அப்படியானால் எதை, எவ்வளவு கொடுப்பது? பூனை புலால் உண்ணப் பிறந்த பிராணி. அதன் இயற்கை உணவாகிய எலியில் புரதமும் கொழுப்புமே மிகுதி. மாவுச்சத்து மிகச் சொற்பம். நாமோ நூறு கிராம் சோற்றிலேயே ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்தை ஊட்டிவிடுகிறோம். உலர் தீனிகள் பலவற்றிலும் மாவுச்சத்து கணிசமாக உண்டு. எனவே நீரிழிவுப் பூனைக்குப் புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த, ஈரமான உணவே ஏற்றது.

அளவுக்கு ஓர் உதாரணம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் ஏறத்தாழ 165 கலோரி உண்டு. அதாவது, 120 கிராம் கறியிலேயே ஒரு நாள் தேவை நிறைவேறிவிடுகிறது. நாம் கையால் அள்ளிப் போடும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! இஃது அளவை உணர்த்தும் கணக்கு மட்டுமே. வெறும் கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் டாரின், கால்சியம் முதலிய சத்துகள் குறைந்துபோகும். சமச்சீர் உணவு எதுவென மருத்துவரே வகுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. ஆதலால் குழம்பு மீன் கூடவே கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோயால் இளைத்துவிட்ட பூனைக்குத் தொடக்கத்தில் உணவைக் குறைக்கலாகாது; சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படலாம். இன்னும் பருத்திருக்கும் பூனைக்கு மட்டுமே மெல்லக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு இறங்கினால் போதும்.

அம்மூதாட்டியின் வீட்டில் இப்போது நடக்கும் முறை எளியது. ஒரு நாளைக்குரிய உணவைக் காலையிலேயே கிராம் காட்டும் சிறு தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் வைத்துவிடுகிறார். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே கொடுக்க வேண்டும். அது காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. பேரப்பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் இக்கட்டளை அறிவிக்கப்பட்டிருக்கிறது. காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் உணவும் ஊசியும். நண்பகலிலும் படுக்குமுன்னும் சிறு பங்கு. இயற்கையில் பூனை நாளெல்லாம் சிறிது சிறிதாக உண்பது. ஆதலால் பகிர்ந்து கொடுப்பதே அதற்கு இதம். உணவில் வெந்நீர் சிறிது கலந்தால் வயிறு நிறைந்த உணர்வு உண்டாகும். சில துண்டுகளை வீட்டு மூலைகளில் ஒளித்து வைத்தால் தேடித் தின்னும். இடையில் கத்தினால் தடவிக் கொடுக்கிறார். நூற்கயிற்றைக் காட்டி விளையாட்டுக் காட்டுகிறார். பாதி நேரம் அது கேட்டது சோற்றையன்று, துணையைத்தான் என்பதை இப்போது கண்டுகொண்டேன் என்கிறார்.

ஊசி போடுவோர் மறவாமல் அறிய வேண்டியவை சில. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு உள்ள இன்சுலினும் உண்டு, 100 அலகு உள்ளதும் உண்டு. அதனதற்குத் தனித்தனி ஊசிக்குழல். 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். பூனை உண்ணாத வேளையில் மருத்துவரைக் கேளாமல் வழக்கமான ஊசியைப் போடக்கூடாது. சோற்றை நிறுத்தி இறைச்சிக்கு மாற்றினால் இன்சுலின் தேவையும் இறங்கும். அதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூனை நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ சர்க்கரை தாழ்ந்துவிட்டது எனக் கருதி, ஈறில் சிறிது தேனைத் தடவி உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கவனித்த பூனைகள் சில, நாளடைவில் இன்சுலினே இல்லாமல் வாழும் நிலைக்கும் திரும்புகின்றன.

"மனிதருக்கே மருந்துக்கு வழியில்லை, பூனைக்கு ஊசியா?" என்று கேட்போர் உண்டு. வீட்டில் ஒருவருடைய மருந்தை நிறுத்திப் பூனைக்கு வாங்கும்படி எவரும் சொல்லார். ஆனால் பணம் பெரிதும் வேண்டாத பகுதியும் இதில் உண்டு. நேரம் தவறாமை, நிறுத்து இடுதல், கெஞ்சும் கண்களைக் கண்டு இளகிவிடாமை, கோபத்தில் பட்டினி போடாமை ஆகியவற்றுக்குப் பொறுமைதான் செலவு. அம்மூதாட்டியின் கணவரும் நீரிழிவால் இறந்தவர். "அவர் கேட்டபோதெல்லாம் அன்பென்று எண்ணி இனிப்பை எடுத்துக் கொடுத்தேன், சாமி. ஒரு தராசு அன்றைக்கே இந்த வீட்டில் இருந்திருக்கலாம்" என்று அவர் சொன்னபோது எனக்கு விடை கூறத் தோன்றவில்லை.

பாவமா என்று கேட்டாரல்லவா? "அறியாமல் செய்தீர்கள், அம்மா, அறிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு இரயிலேறினீர்கள்" என்றேன். அதற்குள் மணி ஏழாயிற்று. வெள்ளையன் வந்து டப்பாவின் அருகே அமர்ந்து எங்களை நிமிர்ந்து பார்த்தது. ஒரு முறைதான் கத்தியது. முன்பெல்லாம் தெருவே கேட்கும்படி கத்துமாம்.

உங்கள் இல்லத்திலும் நீரிழிவுக்காரர் எவரேனும் இருப்பார். இரண்டு காலினரோ, நான்கு காலினரோ. இன்று இரவு அவருடைய தட்டை ஒரு முறை பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.