கேழ்வரகுக்கு உபநயனம்

நமது மண்ணில் விளைந்த பழைய ஆகாரத்தின் மீது பொது ஜனங்களுக்கு அபார அக்கறை உண்டாகிவிட்டதாக மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சில காலமாகப் பலத்த பிரசாரம் செய்யப்பட்டு வருவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். இந்திய சர்க்காரின் யோசனையின் மேல் ஐக்கிய நாடுகள் சபையார் 2023ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினார்கள். 2022 டிசம்பரில் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்குச் சிறுதானிய விருந்து நடந்தது. 2023 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் இத்தானியங்களுக்கு "ஸ்ரீ அன்ன" என்று நாமகரணமும் செய்து வைக்கப்பட்டது.

கேழ்வரகும் கம்பும் நேற்று வரை எந்த ஜாதியாக இருந்தன என்று கேட்கின்றோம். சிராத்தத்திலாவது, பெரிய வீட்டுக் கல்யாணப் பந்தியிலாவது கேழ்வரகுக் களிக்கு ஓர் இலை போடப்பட்டதுண்டா? "கூழ் குடிக்கிற பயல்" என்பது வசவாக இருந்ததா, வாழ்த்தாக இருந்ததா? உழைக்கிறவன் வயிற்றில் கிடந்தவரை சூத்திரத் தானியமாகவும் பஞ்சமத் தானியமாகவும் இருந்தது, பணக்காரனுக்கு நீரிழிவு வந்து வைத்தியர் சிபாரிசு செய்தவுடன் பூணூல் போட்டுக்கொண்டு "ஸ்ரீ" ஆகிவிட்டது. தானியத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று வந்த மனிதனுக்குக் கிடைத்ததா என்பதுதான் நமது கேள்வி.

தானியத்தின் மேல் நமக்கு யாதொரு துவேஷமும் இல்லை. நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் விளைவது அது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்க, தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் சுமாருக்கே இருக்கிறது. இதெல்லாம் பரீட்சையில் கண்ட உண்மையானதால் நாமும் ஒப்புக்கொள்கிறோம். நாம் ஆட்சேபிப்பதெல்லாம், "ஜனங்களுக்கு அக்கறை வந்துவிட்டது" என்று அளந்து காட்டுகிற அந்தப் புரட்டு அளவுகோலைத்தான்.

உணவுத் திருவிழா நடத்தி, அங்கு காசு கொடுத்து நுழைந்தவர்களையே எண்ணி, இதோ பொது ஜன ஆதரவு என்கிறார்கள். இது கோவிலுக்குள் நின்றுகொண்டு தலைகளை எண்ணி, உலகத்தார் எல்லோரும் பக்தர்களே என்று தீர்ப்புச் சொல்வதற்கும் எவ்விதத்தில் வித்தியாசமானது? சர்வே எடுக்கிறவர் காகிதத்தை நீட்டி, "இயற்கை உணவு வேண்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் துணிகிற பைத்தியக்காரன் யார்? "ஆம்" என்பதற்குக் காலணாச் செலவில்லை. வாயில் வந்த "ஆம்" பைக்குள் இருக்கும் பணத்தைத் தொடுகிறதா என்று பார்க்காத கணக்கு கணக்காகுமா? நாள் கூலிக்குப் போகிறவனும், குடிசையில் அடுப்பூதுகிறவளும் இந்தக் கணக்கில் எந்த மூலையில் இருக்கிறார்கள்?

நிற்க, "பாமர மக்கள் அறியாமையினால் சிறுதானியத்தைக் கைவிட்டு அரிசிக்கு ஓடினார்கள்" என்கிறார்கள் சில மேதாவிகள். இதைவிட மக்களை அவமதிக்கும் வார்த்தை வேறில்லை. அரிசிச் சோறு பண்டிகை நாளில் மட்டும் காணக்கூடியதாக வைக்கப்பட்டிருந்தவனுக்கு, தினந்தோறும் அது கிடைப்பது வெறும் ருசியல்ல, மானமாகும். 1967இல் ரூபாய்க்கு ஒரு படி, 2008இல் ரூபாய்க்கு ஒரு கிலோ, 2011 முதல் இலவசம் என்று தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி வந்தபடியால், பசித்தவன் ஆண்டையின் களஞ்சியத்தை எதிர்பார்த்து நிற்பது குறைந்தது. இது அறியாமையா?

அன்றியும், சாமையையும் வரகையும் உமி போக உரலில் குத்தியவர்கள் யார்? ஆண்களா? மிஷின் வந்த பிறகுதான் பெண்ணின் தோளுக்குச் சிறிது ஓய்வு கிடைத்தது. இந்திய சர்க்காரே 2019இல் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், அவ்வேலை பார்க்கும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். "பாட்டி காலத்துச் சமையலுக்குத் திரும்புவோம்" என்று மேடையில் முழங்கும் ஆண் சிங்கங்கள், முதலில் உலக்கையைத் தாங்கள் பிடிக்கச் சம்மதிப்பார்களா?

உள்ளூர் உணவில் மக்களுக்குள்ள அக்கறையை ஏற்கெனவே அளந்து காட்டிய ஊர் ஒன்று இந்நாட்டில் உண்டு. அது கீழ்வெண்மணி. நெல்லை விளைவித்த கூலியாட்கள் அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். அதன் விளைவாக மூண்ட தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைச் செய்வித்தவர்கள் பார்ப்பனரல்லாத மிராசுதார்களாக இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அந்த அரைப் படியைவிடப் பெரிய அளவுகோல் எந்தச் சர்வேக்காரரிடம் இருக்கிறது?

மற்றொரு சங்கதி. "உள்ளூர் உணவு" என்று இவர்கள் போடும் ஜாபிதாவில் ஏழைகள் தின்னும் மாட்டிறைச்சி உண்டா? வயல் நண்டும் நத்தையும் உண்டா? அவையும் இம்மண்ணில் கிடைப்பவைதானே? இல்லையென்றால், அது உள்ளூர் ஜாபிதாவல்ல, வைதீக ஜாபிதா என்றே சொல்லவேண்டும்.

உண்மையாக அளக்க விரும்புகிறவர்களுக்கு வழியில்லாமலில்லை. 2023இல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் பரீட்சை தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட கடை வாசலில் போய் நில்லுங்கள். எத்தனை குடும்பங்கள் மாதந்தோறும் கேட்டு வாங்குகின்றன, வாங்கியதைச் சமைக்கிறார்களா விற்கிறார்களா என்று எண்ணுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் மிஞ்சுவதை நிறுத்துப் பாருங்கள். பயிரிட்டவனுக்கு என்ன விலை கிடைத்தது, களை பறித்தவளுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேளுங்கள். 2023-24ஆம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் விதித்த ஆதார விலை கேழ்வரகுக்குக் குவிண்டால் 3,846 ரூபாய். அதாவது கிலோவுக்கு 38 ரூபாய் 46 காசு. சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்கோ அந்தப் பட்டியலில் இடமே இல்லை. "ஸ்ரீ" பட்டம் இலவசம், விலைதான் கிடையாது. பட்டத்தைக் கொண்டு குடியானவன் கடன் அடைப்பானா?

ஆகவே தோழர்களே! பழமை என்பதற்காக எதையும் தின்னவேண்டியதில்லை. பழமை என்பதற்காகத் தள்ளவேண்டியதுமில்லை. உடம்புக்கும் நிலத்துக்கும் நல்லது என்று அறிவுக்குப் பட்டால் கேழ்வரகைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நியாயமான விலையும், உயர்ந்த கூலியும், உழுகிறவனுக்கு நிலமும், பெண்ணுக்கு ஓய்வும், எவனும் எதையும் கூச்சமின்றித் தின்னும் உரிமையும் சேர்ந்து வராதவரை, "மக்களுக்கு அக்கறை வந்துவிட்டது" என்று எவர் கணக்குக் காட்டினாலும் அதை நம்பாதீர்கள். மக்களின் அக்கறையை அளப்பதற்கு முன், மக்களின் மேல் இவர்களுக்கு அக்கறை எவ்வளவு என்று நாம் அளந்தாக வேண்டும்.