திருடனோடு நானும் வெளியே!

'லினக்ஸா? வைரஸே அண்டாது சார்!' என்று ஆபீஸ் தம்பி அடித்துச் சொன்னதை நம்பி, மாத வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து உபுண்டு போட்டேன். மறுநாள் காபியும் கையுமாக 'ஆத் லாக்' என்ற பதிவேட்டைத் திறந்தால்... பகீர்! ராத்திரி முழுக்க எவனெவனோ ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் சொல்லிக் கதவைத் தட்டியிருக்கிறான். என்மேல் விரோதமெல்லாம் இல்லை. 22-ம் நம்பர் வாசல் எங்கே திறந்திருந்தாலும் தட்டிப் பார்க்கிற புரோகிராம்களாம். என் பாஸ்வேர்டோ, மனைவி பெயரும் 123-ம்!

திடீர் வீரத்தில் 'யூஎஃப்டபிள்யூ' ஃபயர்வாலை ஆன் செய்தேன். 'எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்து போகலாம், சம்மதமா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. நாம் எதைப் படித்துவிட்டு 'யெஸ்' சொல்லியிருக்கிறோம்? வெளியே வந்து மறுபடி நுழையப் பார்த்தால், ம்ஹூம். திருடனோடு வீட்டுக்காரனும் வெளியே!

வாடகைக்கு விட்டவர்களின் வெப்சைட்டில் 'கன்ஸோல்' என்று ஒரு கொல்லைப்புற வாசல் இருந்ததோ, பிழைத்தேன். முதலில் எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி, அப்புறம்தான் ஃபயர்வால்.

"வாசல் திறந்துதானே சார் இருக்கணும்? பாஸ்வேர்டையே தூக்கிடலாம்" என்றான் தம்பி. 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' போட்டு ஜோடிச் சாவி செய்தோம். ரகசியச் சாவி என் லேப்டாப்பில், அதன் ஜோடி சர்வரில். சாவியால் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டுத்தான் பாஸ்வேர்டையும் ரூட் நுழைவையும் மூடினோம். பிறகு 'ஆப்ட் அப்டேட்'. இது பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ஓட்டையை அடைப்பது 'ஆப்ட் அப்கிரேட்'.

இப்போதும் ராத்திரியில் தட்டுகிறார்கள், தட்டட்டும். மனைவிக்குத்தான் வருத்தம். பாஸ்வேர்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டேனாம்.